ஆறு விநாடி ஏழு விநாடியான கதை



சென்ற மாதம் நமது வானொலியின் மாலைப் பேச்சில் நான் சொன்ன விடயங்களை இந்த இதழுக்காக எழுதித் தரும்படி நிலையத்தார் கேட்டிருந்தார்கள். வானொலியில் வாயால் சொற்கட்டுச் சொல்லியும் மேசையில் தட்டிக் காட்டியும் ஒப்பேற்றிய இடங்களை இங்கே எழுத்தில் விளக்கவேண்டியிருக்கிறது. வாசிக்கும்போது தொடையில் கைவைத்து ஆதி தாளம் போட்டுக்கொண்டால் உங்களுக்கும் எனக்கும் வேலை சுலபம்.

மெல்பேர்ணில் நம்மவர்கள் மத்தியில் ஒரு வழமை உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை கணினி உத்தியோகம். சனி ஞாயிறு சங்கீதம். என்னுடைய பாடு தலைகீழ். மிருதங்கம்தான் எனக்குச் சோறு போடுகிறது. 1995இல் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து வகுப்பு எடுப்பதும், அரங்கேற்றங்களுக்கும் கச்சேரிகளுக்கும் பக்கவாத்தியம் வாசிப்பதும்தான் தொழில். கணினிக்குப் புரோகிராம் எழுதுவது பொழுதுபோக்கு. என்னிடம் பிள்ளைகளைக் கூட்டிவரும் தகப்பன்மாரில் பாதிப்பேர் கணினித் துறையில் இருப்பவர்கள். "எங்களுக்கு இதைக் கண்டாலே தலையிடி. நீங்கள் ஏன் மாஸ்டர் ஆசைப்பட்டு இதுக்குள்ள போறியள்?" என்று கேட்பார்கள்.

முதற் காரணம் மிகச் சாதாரணமானது. சங்கீத ஆசிரியனுக்குப் பகலில் வேலை இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகுதான் வகுப்பு. காலையில் இரண்டு மணித்தியாலம் சாதகம் செய்தாலும் மத்தியானம் வீடு வெறிச்சென்று கிடக்கும். 1998இல் ஒரு மாணவனின் தகப்பனார் புதுக் கணினி வாங்கியதும் பழையதை எனக்குத் தந்தார். அதற்குள் 'கியூபேசிக்' என்ற நிரல்மொழி இருந்தது. நூலகத்தில் ஒரு புத்தகம் இரவல் எடுத்தேன். மாணவர்கள் வீட்டில் சாதகம் செய்ய ஒரு தாளக் கருவி செய்யலாம் என்பது என் எண்ணம். மாத்திரைக்கு ஒரு 'பீப்' சத்தம், திரையில் அந்த இடத்துக்குரிய சொல். அவ்வளவுதான்.

ஆதி தாளம் 8 அட்சரம். அட்சரத்துக்கு 4 மாத்திரை என்றால் ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை. நிமிடத்துக்கு 80 அட்சரம் என்ற காலப்பிரமாணத்தில் ஓர் ஆவர்த்தனம் சரியாக 6 விநாடியில் முடியவேண்டும். என் கருவி 7 விநாடி எடுத்தது. வேகத்தை 90 என்று மாற்றினேன். அதே 7 விநாடி. 70 என்று குறைத்தேன். அப்போதும் 7 விநாடி! கணினி பழுது என்று நினைத்து, தந்தவருக்கே தொலைபேசி எடுத்துக் குறைசொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "மாஸ்டர், அதின்ரை மணிக்கூடு விநாடிக்கு 18 தரம்தான் அடிக்கும், அதைக் கவனிச்சியளோ?" என்று கேட்டார்.

அங்கேதான் விடயம் இருந்தது. அந்தக் காலத்துக் கணினியின் உள் மணிக்கூடு விநாடிக்கு ஏறக்குறைய 18.2 தடவை துடிக்கும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் என்ன நேரம் என்று கேட்டால் அதற்குத் தெரியாது. என் மாத்திரையின் நீளம் 0.1875 விநாடி. மூன்று துடிப்புக்குள் அது முடியாது. நான்காவது துடிப்பு வரை காத்திருக்கவேண்டும். நான்கு துடிப்பு என்பது 0.22 விநாடி. ஒரு மாத்திரையில் இந்தப் பிசகு காதுக்குத் தெரியவே தெரியாது. 32 மாத்திரை சேர்ந்ததும் ஒரு முழு விநாடி போய்விட்டது. 70க்கும் 90க்கும் மாத்திரை நீளம் வேறு வேறு என்றாலும் இரண்டுமே நான்காவது துடிப்பில்தான் போய் விழுந்தன. அதனால்தான் எல்லாம் ஒரே வேகம்.

மணிக்கூட்டை மாற்ற முடியாது. ஆனால் என் புரோகிராமில் ஒரு வரியை மாற்றலாம் என்று இரண்டு கிழமை மண்டையை உடைத்த பிறகு விளங்கியது. நான் என்ன எழுதியிருந்தேன்? "சென்ற தட்டிலிருந்து 0.1875 விநாடி பொறு, பிறகு தட்டு." ஒவ்வொரு தட்டும் முந்திய தட்டைப் பார்த்து நின்றது. முந்தியது பிந்தினால் அடுத்ததும் பிந்தும். பிழை பிழையோடு சேர்ந்து வளரும். இதை இப்படி மாற்றினேன்: "ஆவர்த்தனம் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள். முதல் மாத்திரை அதிலிருந்து 0.1875இல், இரண்டாவது 0.375இல், மூன்றாவது 0.5625இல்..." இப்போதும் தனித்தனித் தட்டுகள் ஒரு மயிரிழை முன்பின்னாக நொண்டின. ஆனால் சமத்துக்கு வந்து சேரும்போது ஆறு விநாடி சரியாக இருந்தது. ஒரு தட்டில் நேர்ந்த பிழை அந்தத் தட்டோடு செத்தது.

அந்த நாட்களில் என்னிடம் 13 வயதுப் பையன் ஒருவன் படித்துக்கொண்டிருந்தான். ஆறு மாதத்தில் அரங்கேற்றம். மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று. பாட்டுக்காரருக்கும் வயலின்காரருக்கும் விமானச்சீட்டுப் போட்டாயிற்று. பிள்ளையின் கை சுத்தம், பாடம் எல்லாம் மனப்பாடம். ஆனால் தனி ஆவர்த்தனத்தில் மூன்றாவது நாலாவது ஆவர்த்தனத்துக்குள் காலப்பிரமாணம் இழுபட்டுவிடும். எந்த இடத்தில் இழுபடுகிறது என்று பிடிக்கமுடியாது. "தாளத்தை விடாதை, காலப்பிரமாணத்தைப் பிடி" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். அவன் தலையாட்டுவான், திரும்பவும் இழுபடும். தாய் வகுப்பறை வாசலில் நின்று அழுததும் உண்டு. அரங்கேற்றத்தைத் தள்ளிவைப்போமா என்று பேச்சு வந்தது.

என் புரோகிராமில் இருந்த அதே பிழைதான் அவனிடம் இருக்கிறது என்பது ஒரு புதன்கிழமை மத்தியானம் திடீரென்று தெரிந்தது. அவன் ஒவ்வொரு சொல்லையும் அதற்கு முந்திய சொல்லிலிருந்து அளந்துகொண்டிருந்தான். தாளத்திலிருந்து அளக்கவில்லை. 'காலப்பிரமாணத்தைப் பிடி' என்ற என்னுடைய வாக்கியத்தில் எங்கேயிருந்து பிடிப்பது என்ற விபரம் இல்லை. எனக்கு அது கையில் இருந்தது. என் குருநாதர் பக்கத்தில் இருந்து வாசித்து வாசித்து ஏறியது. வாயில் இருக்கவில்லை.

அன்று மாலை பாடத்தை மாற்றினேன். அட்சரத்துக்கு நான்கு சொல்லில் முதற் சொல்லை மட்டும் வாசி, மற்ற மூன்றும் மனதுக்குள். அது இறுகிய பிறகு முதலாவதும் மூன்றாவதும். பிறகு நான்கும். நடுவில் ஒரு சொல் சறுக்கினால் அதைத் திருத்தப் போகாதே, அது போகட்டும், அடுத்த அட்சரத்தின் முதற் சொல்லில் போய் நில். ஒரே நாளில் அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மாதம் எடுத்தது. அரங்கேற்றத்தில்கூட தனியின் நடுவில் ஒரு தடவை சறுக்கினான். ஆனால் அடுத்த அட்சரத்தில் வந்து நின்றுவிட்டான். சபையில் நாலைந்து பேருக்குத்தான் அது தெரிந்திருக்கும்.

கணினிக்குத் தாளம் பிடிபடாத சங்கடம் மிகப் பழையது. அவுஸ்திரேலியாவில் முதன்முதல் கட்டிய கணினி 'சிசிராக்' என்று பின்னாளில் பெயர் பெற்றது. 1951இல் சிட்னியில் ஜெஃப் ஹில் என்ற கணிதவியலாளர் அதைக்கொண்டு சில மெட்டுக்களை வாசிப்பித்தார். அதன் நினைவகம் பாதரசம் நிரப்பிய குழாய்கள். ஒவ்வொரு தகவலும் குழாய்க்குள் ஓடி வந்து சேரும் நேரம் ஒன்றுக்கொன்று வேறு. ஒலிபெருக்கிக்குச் சீரான இடைவெளியில் துடிப்பு அனுப்பினால்தான் சுரம் நிற்கும் என்பதால், எந்தத் தகவல் எந்த இடத்தில் இருந்தால் எப்போது வரும் என்று கணக்குப் பார்த்துப் பார்த்து எழுதவேண்டியிருந்தது. 1955இல் அந்த இயந்திரம் எங்கள் மெல்பேர்ணுக்கு வந்தது. இன்றும் விக்டோரியா அருங்காட்சியகங்களின் சேகரிப்பில் பத்திரமாக இருக்கிறது. முதன்முதல் அதைப் பார்த்தபோது கோயில் சிலைக்கு முன் நிற்பதுபோல் கொஞ்சநேரம் நின்றேன்.

அடுத்ததாக நான் எழுதியது மோராக் கணக்கு. மிருதங்கம் தெரியாத நேயர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சொற்கட்டை மூன்று தடவை வாசித்து, இடையில் இரண்டு தடவை ஒரே அளவு இடைவெளி விட்டு, சரியாகச் சமத்தில் வந்து முடிப்பது மோரா. அந்த இடைவெளிக்குக் கார்வை என்று பெயர். ஓர் ஆவர்த்தனத்துக்குள் முடிக்கவேண்டுமானால், சொற்கட்டின் நீளத்தை மூன்றால் பெருக்கி, கார்வையை இரண்டால் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் 32 வரவேண்டும். 'தகதிமி தகஜொணு' என்ற எட்டு மாத்திரைச் சொல்லை எடுத்தால் மூவெட்டு 24, இரண்டு நாலு மாத்திரைக் கார்வை 8, ஆக 32. எங்கள் ஊரில் திண்ணையில் இருந்து விரலை மடித்து மடித்துப் போட்ட கணக்குத்தான் இது.

எல்லா விடைகளையும் தேடச் சொல்லி ஆறு வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். கணினி ஐந்தே விடை தந்தது: சொற்கட்டு 2, கார்வை 13; 4க்கு 10; 6க்கு 7; 8க்கு 4; 10க்கு 1. பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சொற்கட்டு எல்லாமே இரட்டை எண். ஏன்? 32 இரட்டை. கார்வை எதுவானாலும் இரண்டு தடவை வருவதால் அதுவும் இரட்டை. மிச்சமும் இரட்டையாகத்தான் இருக்கும். அதை மூன்று சம பங்காக்கினால் ஒவ்வொரு பங்கும் இரட்டை. அதனால்தான் 'ததிங்கிணதொம்' என்ற ஐந்து மாத்திரைச் சொல்லைச் சமத்திலிருந்து சமத்துக்கு ஓர் ஆவர்த்தன மோராவாக வைக்கப் போனால், கார்வையை எட்டரை என்று உடைக்கவேண்டி வருகிறது. ஆனால் பாட்டின் எடுப்பு முக்கால் அட்சரம் தள்ளி, அதாவது மூன்று மாத்திரை தள்ளி இருந்தால் மொத்தம் 35. அப்போது உள்ளே வருவது ஒற்றை எண்கள் மட்டும்: 5க்கு 10, 7க்கு 7, 9க்கு 4. ஏழு சொல்லும் ஏழு கார்வையும் வரும் அந்த மோரா எவ்வளவு அழகு! அதை என் குருநாதர் அந்த எடுப்புக்கு மட்டும் வாசித்ததைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அது அவருடைய ரசனை என்றே நினைத்திருந்தேன். ரசனையோடு கணக்கும் இருந்தது.

நூறு பக்கம் எழுதினாலும் கணினிக்கு விளங்காத ஒன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு மாத்திரைச் சொல், பிறகு 13 மாத்திரை சும்மா இருப்பது. கணக்கு அதைச் சரி என்கிறது. எந்த மேடையில் அதை வாசிக்கலாம்? சபை எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போய்விடும். எது கணக்கால் சரி, எது காதால் சரி என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இந்தப் பட்டியல்களால்தான் வந்தது. இப்போது மாணவர்களிடம் பட்டியலைக் கொடுத்து, "இதில் எதை எறிவாய்?" என்று கேட்பேன். அது ஒரு முழு வகுப்புக்குப் போதும்.

இன்னொரு சின்ன விடயம். பிற்காலத்தில் ஒலியைப் பகுத்துப் படமாகக் காட்டும் புரோகிராம் ஒன்றை எழுதி, என் மிருதங்கத்தின் மீட்டை அதற்குக் கேட்கவைத்தேன். சாதாரண மேளத்தோலின் ஒலியைப் பகுத்தால் அடிச்சுரத்துக்கு மேலே 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒன்றோடொன்று ஒட்டாத சுரங்கள் வரும். மிருதங்கத்தில் 2, 3, 4, 5 மடங்கு என்று வீணைத் தந்திபோல் ஒழுங்காக வருகின்றன. காரணம் நடுவிலுள்ள அந்தக் கறுப்புச் சோறு. சர் சி. வி. இராமன் இதை 1920இலேயே எழுதிவிட்டார். படித்துத் தெரிந்த விடயம்தான். ஆனால் ஐந்து கோடுகள் வரிசையாக என் திரையில் எழும்பியபோது, கொப்பரையைச் செய்தவனையும் தோலுக்குச் சோறு வைத்தவனையும் நினைத்துக்கொண்டேன். அவர்களிடம் கணினி இருக்கவில்லை.

சங்கீதக்காரன் புரோகிராம் எழுதி உலகத்துக்கே ஒரு புது ஒலி கிடைத்த கதையும் உண்டு. ஜோன் சௌனிங் என்பவர் அமெரிக்காவில் தாளவாத்தியக்காரர், இசையமைப்பாளர். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இசை படித்துக்கொண்டிருந்தபோது, இசைக்குழுவில் கூட வாசித்த ஒருவர் 1963இல் வெளிவந்த ஒரு கட்டுரையை அவர் கையில் கொடுத்தார். எழுதியவர் பெல் ஆய்வுகூடத்துப் பொறியியலாளர் மாக்ஸ் மாத்யூஸ். 1957இல் கணினியைக்கொண்டு 17 விநாடி நீளமான இசையை உண்டாக்கியவர். அவருக்கு வயலின் பொழுதுபோக்கு. சௌனிங் 1964இல் அவரைத் தேடிப்போய், ஒரு பெட்டி நிறையத் துளையட்டைகளோடு திரும்பி, நிரல் எழுதப் பழகினார். 1967இல் சுரத்தை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வயலினில் விரலை அசைத்துச் சுரத்தை விநாடிக்கு ஐந்தாறு தடவை நடுங்கவைப்பார்களே, அந்த அசைவு. நம்முடைய கம்பித கமகத்துக்குத் தூரத்துச் சொந்தம். கையால் அதற்கு மேல் அசைக்கமுடியாது. கணினியால் முடியும். நூறு தடவை, இருநூறு தடவை என்று கூட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் காது அசைவைக் கேட்பதை விட்டுவிட்டு, வேறொரு வாத்தியத்தின் நாதமாக அதைக் கேட்கத் தொடங்கியது. மணி, பித்தளைக் குழல் என்று இரண்டு எண்களை மாற்றுவதன் மூலம் புதுப்புது நாதங்கள். இதற்கிடையில் அதே பல்கலைக்கழகம் அவருக்கு நிரந்தரப் பதவி கொடுக்காமல் அனுப்பியது. யமஹா நிறுவனம் அந்த முறையைக் காசு கொடுத்து எடுத்த பிறகு திருப்பி அழைத்துக்கொண்டது. 1983இல் வந்த யமஹாவின் டிஎக்ஸ்-7 கீபோர்ட் அந்த முறையில்தான் ஒலித்தது. எண்பதுகளின் பொப் பாட்டுக்களில் கணகணவென்று கேட்கும் அந்த மின்பியானோ இதுதான்.

விநாடிக்கு நூறு தடவை அசைத்தால் என்ன என்ற கேள்வி, அசைவை நாளாந்தம் காதால் கேட்டுப் பழகியவருக்குத்தான் வரும். அதனால்தான் இந்தக் கதையை மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன்.

இதுவரை நல்லதைச் சொன்னேன். கெட்டதையும் சொல்லவேண்டும். புரோகிராம் எழுதுவது ஒரு போதை. சாதகத்தில் இன்று செய்தது நாளைக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துத்தான் கையில் தெரியும். புரோகிராமிலோ பத்து நிமிடத்தில் பலன். 2001, 2002 ஆண்டுகளில் காலைச் சாதகம் இரண்டு மணித்தியாலத்திலிருந்து ஒன்றாகி, அரையாகி, சில நாட்களில் இல்லாமலே போனது. கணக்குகள் மட்டும் பெருகின. மேடையில் புதிய கோர்வைகளுக்குக் கைதட்டு வந்தது. நானும் மயங்கினேன்.

2002இல் ஏ-9 பாதை திறந்த பிறகு, அடுத்த வருடம் யாழ்ப்பாணம் போனேன். குருநாதரைப் பார்த்துப் பதினொரு வருடம். முற்றத்தில் பாயைப் போட்டு, "வாசி தம்பி, கேப்பம்" என்றார். என் மிகச் சிறந்த கோர்வைகளை எடுத்துவிட்டேன். முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டார். பிறகு, "கணக்கு நல்லாய்ச் செய்யிறாய். நாதம் எங்கை?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி எடுத்துவந்து தந்தார். அந்தத் தேத்தண்ணியை நான் குடித்து முடிக்க நெடுநேரம் எடுத்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கட்டுப்பாடு. காலையில் மிருதங்கத்தின் மேல் துணி மூடியிருக்கும்வரை கணினியைத் தொடுவதில்லை. சாதகம் முடிந்து கை சூடாக இருக்கும்போது வரும் சந்தேகத்தைத்தான் மத்தியானம் புரோகிராமாக எழுதுவது. கணினியிலிருந்து மேடைக்கு ஒரு கணக்கைக் கொண்டுபோவதானால், இடையில் குறைந்தது மூன்று மாதம் அது கையில் கிடக்கவேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சங்கீதம் படித்தால் கணிதம் தானாக வரும், கணினி படித்தால் மூளை கூர்மையாகும் என்று மேடைகளில் பேசுவார்கள். அப்படிச் சொல்லி மாணவர் பிடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் பதினோராம் வகுப்பு வந்ததும் மிருதங்கத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, "இனிப் படிப்புத்தான்" என்று நிற்கிறீர்களே, அந்த இரண்டையும் இவ்வளவு தூரத்துக்குப் பிரிக்கத் தேவையில்லை. ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இன்று எல்லாம் இலவசம். பைத்தன் என்ற மொழி இருக்கிறது. சாம் ஆரன் என்பவர் பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்து 2012இல் தொடங்கிய 'சொனிக் பை' இருக்கிறது. எழுதிய வரி உடனே ஒலிக்கும். என்னைப்போல் விநாடிக்கு 18 துடிப்போடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

போன வருடம் ஒரு மாணவி, பன்னிரண்டாம் வகுப்புக்காரி, கண்ட சாப்புக்கு இந்த மோராக் கணக்கைத் தானே பைத்தனில் எழுதிக்கொண்டு வந்தாள். கண்ட சாப்பு ஓர் ஆவர்த்தனம் 10 மாத்திரை. நான்கு ஆவர்த்தனத்துக்கு 40. பட்டியலில் ஒரு விடையைச் சிவப்பால் வட்டமிட்டிருந்தாள்: சொற்கட்டு 8, கார்வை 8. நாற்பதும் ஐந்து சம துண்டு. மூன்றில் வாசிப்பு, இரண்டில் மௌனம். "சேர், இதை எறியிறதா, வைக்கிறதா?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. வாசித்துப் பார்ப்போம் என்று இருவரும் இருந்தோம். எட்டு மாத்திரை சும்மா இருப்பது எவ்வளவு நீளம் என்று தாளத்தைப் போட்டுக்கொண்டு இருந்து பார்த்தால்தான் விளங்கும். இரண்டாவது கார்வையில் அவள் பொறுக்கமாட்டாமல் அரை மாத்திரை முன்னுக்கு விழுந்தாள்.

"இன்னொருக்கால், சேர்" என்றாள்.